ஆள் இல்லாமலே திறக்கும் கதவு: தானியங்கிக் கதவு சென்சாரில் பிழை தேடும் முறை

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு நகைக்கடையாக இருக்கலாம், கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பழைய வீடாக இருக்கலாம். தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு வைத்த இடங்களில் முறையீடு ஒரே மாதிரிதான் வரும்: "யாருமே வரல, கதவு மட்டும் திறந்து திறந்து மூடுது." ஏ.சி. குளிர் தெருவுக்குப் போகும், தெருப்புழுதி கடைக்குள் வரும், மோட்டாரும் பெல்ட்டும் வீணாகத் தேயும். பார்க்க வருகிறவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது, சென்சாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சென்சிட்டிவிட்டி திருகில். குறைத்துவிட்டால் அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். அடுத்த வாரம், மெதுவாக நடந்து வரும் ஆச்சி கதவுக்கு நேரே நின்றாலும் கதவு திறக்காது.

நம் கண்ணுக்கு ஆள் தெரியாவிட்டாலும் சென்சாருக்கு ஏதோ ஒன்று ஆளாகத் தெரிந்திருக்கிறது. அது என்ன என்று தெரிந்த பிறகே திருகில் கை வைக்க வேண்டும். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் போகின்றன.

எந்தச் சென்சார் என்று பிரிப்பது

கதவுக்கு மேலே உள்ள பெட்டியில் பெரும்பாலும் இரண்டு வேலைகள் ஒன்றாக இருக்கும். ஒன்று ரேடார்: 24 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் அனுப்பி, திரும்பி வரும் அலையில் அதிர்வெண் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும். அசைவதை மட்டுமே அறியும். அசையாமல் நிற்கும் ஆளை அறியாது. இன்னொன்று அகச்சிவப்பு ஒளித்திரை: வாசலடித் தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளைப் போட்டு, திரும்பி வரும் ஒளி மாறினால் யாரோ நிற்பதாக எடுத்துக்கொள்ளும். கதவு ஆள்மேல் மூடாமல் காப்பது இதுதான். உடல் சூட்டை மட்டும் பார்க்கும் பி.ஐ.ஆர். வகை, பழைய அல்லது விலை மலிந்த கதவுகளில்தான் கிடைக்கும்.

ரேடாருக்குக் கண்ணாடியும் பிளைவுட்டும் ஜிப்சம் பலகையும் தடையில்லை, ஊடுருவிப் போகும். உலோகம் பட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெளிச்சம் பட்டதுபோல் திரும்பும். அகச்சிவப்புக்கு உலோகம் பெரிய விஷயமில்லை. தரையின் பளபளப்பும் ஈரமும் வெயிலும்தான் எதிரி. இந்த வேறுபாடு மனதில் இருந்தால் பாதித் தேடல் முடிந்தது.

இனி பிரிப்பது:

1. கதவருகே உள்ள மோட் சுவிட்சை "வெளியேற மட்டும்" நிலைக்கு மாற்றுங்கள். அந்த நிலையில் வெளிப்பக்க ரேடாரைக் கன்ட்ரோலர் (சென்சார் சொல்வதைக் கேட்டு மோட்டாரை இயக்கும் பெட்டி) கண்டுகொள்ளாது. கதவருகே யாரும் நடமாடாமல் 10 நிமிடம் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் வெளிப்பக்கம்தான் காரணம்.
2. நிற்கவில்லை என்றால் மெயினை அணைத்து, உட்பக்கச் சென்சாரின் பிளக்கைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, மறுபடி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.
3. வெளிப்பக்கத்தை ஒதுக்கி, உட்பக்கத்தைக் கழற்றிய பிறகும் கதவு திறந்து திறந்து மூடினால் சென்சாரை விட்டுவிடுங்கள். புஷ் பட்டன், ரிமோட் ரிசீவர், ஒயர், கன்ட்ரோலர் இவற்றில் ஒன்று.

சென்சாரைக் கழற்றி வைத்திருக்கும் நேரம் முழுவதும் கதவருகே ஓர் ஆள் நிற்க வேண்டும். அப்போது கதவுக்குக் கண் கிடையாது. மேல்மூடியைத் திறக்கும் முன் 230 வோல்ட் மெயினை அணைப்பது கட்டாயம். பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவில் விரல் மாட்டினால் மோட்டார் விடாது.

பெரும்பாலான சென்சார்களில் சின்ன விளக்கு ஒன்று உண்டு. ரேடார் அசைவுக்கு ஒரு நிறம், அகச்சிவப்புக்கு ஒரு நிறம் என்று எரியும். எது எதற்கு என்று அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். கதவு வீணாகத் திறக்கும் அந்த நொடியில் எந்த நிறம் என்று செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது, ஏணியில் ஏறி நின்று யோசிப்பதைவிட வேகமான வழி.

மூடி முடிக்கும் முன்பே மறுபடி திறக்கிறது

மிக அதிகமாக வருவது இதுதான். கதவு மூட வருகிறது, பாதியில் நின்று திறக்கிறது, மறுபடி மூட வருகிறது. சென்சார் தன் கதவையே ஆளாகப் பார்க்கிறது.

உறுதி செய்யக் கன்ட்ரோலரில் கதவு திறந்து நிற்கும் நேரத்தை 10 நொடிக்கு உயர்த்துங்கள். 10 நொடி அமைதியாக நின்று, மூடத் தொடங்கிய உடனே ஒவ்வொரு முறையும் திறந்தால் கதவுதான் காரணம். நேரம் ஒழுங்கில்லாமல் மாறினால் காரணம் வெளியே இருக்கிறது.

ரேடார் விளக்கு எரிந்தால், பார்வைக் கோணத்தைக் கதவிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளிச் சாயுங்கள். ஒரு படி மாற்றி இரண்டு முறை சோதியுங்கள். ஒரேயடியாகச் சாய்த்தால் கதவடியில் நிற்பவர் ரேடாரிலிருந்து தப்பிவிடுவார். அகச்சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளித்திரையின் முதல் வரிசை கண்ணாடிமேல் விழுகிறது. அந்த வரிசையை ஒரு படி வெளியே தள்ளி, மறு-கற்றல் பட்டனை அழுத்துங்கள். கற்கும்போது சென்சார் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும். அந்த அரை நிமிடம் வாசலில் ஆளோ ஏணியோ துடைப்பமோ இருக்கக் கூடாது. ஏணியை எடுக்காமல் பட்டனை அழுத்திவிட்டு, "கற்றுக்கொடுத்தும் சரியாகலை" என்பது வழக்கமாக நடக்கும் தவறு.

கோணம் சரியாக இருந்தும் இதே அறிகுறி வந்தால் அதிர்வைப் பாருங்கள். சென்சார் அசைந்தால் அதற்கு உலகமே அசைந்த மாதிரி. இரண்டு திருகில் ஒன்று தளர்ந்திருப்பது, ஃபால்ஸ் சீலிங் தகட்டில் மாட்டியிருப்பது, கதவு உருளை தேய்ந்து ஓடும்போது குலுங்குவது ஆகியவை வழக்கமான காரணங்கள். பழைய செட்டிநாட்டு வீடுகளில் இன்னொன்றும் சேரும்: சுண்ணாம்புப் பூச்சில் அடித்த பிளாஸ்டிக் ஆணி சில மாதத்தில் ஆட்டம் கொடுத்துவிடும். சென்சாரைச் சுவரில் மாட்டாமல் கதவின் மேல்சட்டத்தில் மாட்டுங்கள். நூறாண்டு கண்ட பூச்சைத் துளையிடுவதும் மிச்சம்.

தெருவில் போகிறவருக்கெல்லாம் திறக்கிறது

கடைவாசல் நடைபாதையை ஒட்டி இருந்தால் தவிர்க்க முடியாதது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. முதலில் பார்வை எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். வாசலுக்கு நேரே தூரத்திலிருந்து மெதுவாக நடந்து வாருங்கள். கதவு அசையத் தொடங்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். இடமிருந்தும் வலமிருந்தும் குறுக்கே நடந்து அதேபோல் கோடு. கோடுகளைச் சேர்த்தால் சென்சார் பார்க்கும் வட்டம் தரையில் தெரியும். சாலை வரைக்கும் போயிருந்தால் கோணத்தைக் கீழே இறக்குங்கள். அகலம்தான் அதிகம் என்றால் சென்சாருக்குள் அகலப் பார்வை, குறுகிய பார்வை என்று மாற்றும் வசதி உண்டா என்று பாருங்கள். சில மாடல்களில் ஆன்டெனாவையே திருப்பிப் போடலாம்.

அதற்குப் பிறகு திசை அமைப்பு. வருபவரை மட்டும் பார்க்கும் ஒருதிசை நிலையில் போட்டால், விலகிப் போகிறவருக்காகக் கதவு திறந்தே நிற்காது. குறுக்கே நடப்பவரை ஒதுக்கும் வடிகட்டி இருந்தால் அதையும் போடுங்கள். ஒருதிசைக்கு ஒரு நிபந்தனை: வாசலடி அகச்சிவப்புத் திரை நன்றாக வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் உள்ளே வந்து தயங்கித் திரும்புபவர்மேல் கதவு மூடும்.

உட்பக்க ரேடாரும் தெருவைப் பார்க்கும் என்பது பலருக்குத் தோன்றாது. கண்ணாடி அதற்கு மறைப்பில்லை. உட்பக்கச் சென்சாரின் கோணம் தவறிக் கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தால், வெளியே போகும் ஆட்டோவுக்கும் கதவு திறக்கும். அப்போது வெளிப்பக்கச் சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

பாத்திரக் கடைகளுக்குத் தனிக் குறிப்பு. கூரையிலிருந்து தொங்கும் எவர்சில்வர் அண்டாவும் குடமும் ரேடாரைத் தெறித்து, வாசலுக்குச் சம்பந்தமில்லாத மூலையில் நடப்பவரைக்கூடக் கதவுக்குக் காட்டிக் கொடுக்கும். காற்றில் அவை ஆடினாலே போதும். கதவிலிருந்து 3 மீட்டருக்குள் தொங்குவதைக் கழற்றி ஒரு மணி நேரம் பாருங்கள். ஸ்டீல் ஷட்டர், லிஃப்ட் கதவு, ஆளுயரப் பித்தளை விளக்கு எல்லாம் இதே கணக்கு.

விளக்கு போட்டதும் தொடங்குகிறது

மாலை 6 மணிக்குத் தொடங்கி, விளக்கு அணைக்கும்வரை கதவு ஓயவில்லை என்றால், கதவுக்கு அருகே பழைய டியூப்லைட் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; டியூப்புக்குள் இருக்கும் வாயு நொடிக்கு 100 முறை மின்னேறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புவதிலும் தெரியும். 24.125 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் ஆள் சுமார் 161 ஹெர்ட்ஸ் மாற்றமாகத் தெரிவார். ஆக 100 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் நடந்து வரும் ஆள். விளக்கு எரியும்வரை ஒருவர் வாசலை நோக்கி மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறார்!

டியூப்பை அணைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தீர்வு, அதை இடம் மாற்றுவது அல்லது எல்.இ.டி. போடுவது. எல்.இ.டி.யில் வாயு இல்லாததால் இந்தக் கோளாறு வராது. ஆனால் மலிவான எல்.இ.டி. டிரைவர்களும் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட்டும் மின்கம்பியிலேயே இரைச்சலை ஏற்றும். சென்சார் ஒயர் அதன் கூடவே ஓடினால் வேறு வழியில் தொல்லை வரும்.

கரண்ட் போய் வந்த பிறகு

ஜெனரேட்டருக்கு மாறும்போதும் திரும்பும்போதும் சென்சார் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. மின்சாரம் வந்ததும் அகச்சிவப்புப் பகுதி தரையைப் புதிதாகப் படிக்கும். அந்த நேரம் கதவு ஒருமுறை திறப்பதும் சற்று நின்று மூடுவதும் இயல்பு, கோளாறில்லை. கோளாறு எப்போது வருகிறதென்றால், படிக்கும் நேரத்தில் வாசலில் கூட்டம் நிற்கும்போது. நின்றவர்களையும் சேர்த்துத் தரை என்று படித்துக்கொள்ளும். அவர்கள் நகர்ந்ததும் ஏதோ மாறிவிட்டது என்று கதவைத் திறந்தே வைக்கும். கன்ட்ரோலரையும் சென்சாரையும் ஒரே யு.பி.எஸ். லைனில் போட்டால் இந்தத் தொல்லை போகும். சென்சாரை மட்டும் தனி அடாப்டரில் போடுவது வேண்டாம். இரண்டும் ஒன்றாக எழ வேண்டும், ஒன்றாக விழ வேண்டும்.

ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் கதவு ஆடுகிறது என்றால், சென்சார் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து இரண்டு முறை அளவெடுங்கள்: கதவு நிற்கும்போது ஒன்று, மோட்டார் இழுக்கத் தொடங்கும் கணத்தில் ஒன்று. சென்சார்மேல் அச்சிட்ட அளவுக்குள் இரண்டும் இருக்க வேண்டும். இரண்டாவது அளவு கீழே விழுந்தால், கன்ட்ரோலர் மற்றச் சாதனங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பில் அளவுக்கு மேல் சாதனங்கள் தொங்குகின்றன: இரண்டு சென்சார், மின்பூட்டு, வாசலுக்குக் குறுக்கே ஓடும் ஒளிக்கற்றை (பீம்), யாரோ பின்னால் சேர்த்த மணி. ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் கூட்டிப் பாருங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்: வெயிலும் தரையும்

தினமும் மாலை 4.30 முதல் 5.30 வரை மட்டும் என்றால் அது வெயில். சாய்ந்த வெயில் தரையில் பட்டுத் தெறித்து அகச்சிவப்பு லென்சுக்குள் போகிறது; வெளியே மரக்கிளை ஆடினால் நிழலும் வெளிச்சமுமாகத் தரை மாறிக்கொண்டே இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த வாசலில் இது அதிகம். கண்ணாடிமேல் வார்த்து எடுக்கும் கல் அது. புழங்கப் புழங்க மினுக்கு ஏறும். கிரானைட்டும் அப்படியே.

வெயிலை மறைக்கத் தட்டி அல்லது மேல்சாய்ப்பு போடுவதே முதல் வழி. முடியாவிட்டால் ஒளித்திரை விழும் இடத்தில் மினுக்கில்லாத கயிற்று மிதியடியைத் தரையோடு ஒட்டிப் பொருத்தி, சென்சாருக்கு மறுபடி கற்றுக்கொடுங்கள். ஒட்டாத மிதியடி போடவே வேண்டாம். காலில் பட்டு ஓரம் மடங்கினால் கதவுக்கு அங்கே யாரோ நிற்கிறார்கள்.

காலையில் கடை திறந்து தண்ணீர் விட்டுக் கழுவும்போது கதவு ஆடினால் அதற்கும் இதே காரணம். ஈரம் காயும்வரை மோட் சுவிட்சைத் திறந்த நிலையில் வையுங்கள். அதற்காகச் சென்சாரை மாற்ற ஆரம்பித்தால் செலவுக்கு முடிவில்லை.

மழை, காற்று, வாழைமரம்

ஐப்பசி கார்த்திகையில் வரும் தொல்லை. விழும் மழைத்துளியும் அசைவதுதான். சென்சாருக்கு நேர் முன்னால் சொட்டும் கூரைத் தண்ணீர் இன்னும் மோசம். மேலே மழைமறைப்புப் பொருத்துங்கள், சொட்டும் இடத்தைத் திருப்பி விடுங்கள். ரேடாரில் வேண்டாத அசைவை ஒதுக்கும் குறுக்கீட்டு வடிகட்டி இருந்தால் ஒரு படி உயர்த்தலாம். உயர்த்தினால் கதவு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விடுதியான வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. முகப்பிலிருந்து வளவு (நடுமுற்றம் உள்ள பகுதி) வழியாகப் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். காற்று தடையில்லாமல் ஓடத்தான் அப்படிக் கட்டினார்கள். முகப்புக்கும் வளவுக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு போட்டால், உட்பக்க ரேடார் திறந்த வளவில் பெய்யும் மழையைப் பார்க்கும். அதே நேர்கோட்டில் ஆடும் திரைச்சீலையையும் தொங்கும் சரவிளக்கையும் பார்க்கும். இங்கே பார்வையை நீளத்தில் சுருக்கிக் கதவடிக்கு 1.5 முதல் 2 மீட்டருக்குள் நிறுத்துவதுதான் சரி.

கல்யாண முகூர்த்தத்திலும் பண்டிகையிலும் வாசலில் வாழைமரம் கட்டுகிறார்கள், மாவிலைத் தோரணம் தொங்குகிறது. சென்சாருக்குக் கீழே ஆடும் ஓர் இலை போதும். தோரணத்தைச் சென்சாரைவிட மேலே, பின்னுக்குத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். வாழை இலைகளைப் பின்பக்கமாக வளைத்துக் கட்டினால் வேலை முடிந்தது.

மின்விசிறியையும் மறக்க வேண்டாம். முழு வேகத்தில் சுற்றும்போது பல சென்சார்கள் அதை ஒதுக்கிவிடும். அணைத்த பிறகு வேகம் குறைந்து அடங்கும்போது இறக்கை நடைவேகத்துக்கு வரும், கதவு திறக்கும். தலையைத் திருப்பும் ஸ்டாண்ட் ஃபேன் வாசலருகே இருக்கவே கூடாது.

இரவில் மட்டும்

பூச்சி. மழைக்குப் பின் ஈசல் கிளம்பினால் சென்சாருக்கு மேல் உள்ள விளக்கைச் சுற்றும். அதைத் தின்னப் பல்லி வரும். பல்லி லென்சுக்கு முன்னால் ஓடும். கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் பல்லி ரேடாருக்குச் சின்ன உயிரில்லை. சென்சாருக்குப் பக்கத்து விளக்கை 2 மீட்டர் தள்ளிப் போடுங்கள். ஒயர் நுழையும் துளையை சிலிக்கோன் பசை கொண்டு அடையுங்கள். சிலந்தி நூலைக் காய்ந்த மென்துணியால் துடையுங்கள். தின்னரும் ஸ்பிரிட்டும் லென்சை மங்கலாக்கிவிடும்.

திறந்தே நிற்கிறது, மூடுவதில்லை

இது பொய்த் தூண்டலின், அதாவது ஆள் இல்லாமலே திறப்பதன், மறுமுகம். ஒளித்திரைக்குள் புதிதாக வைத்த பொருள் (பூந்தொட்டி, தள்ளுபடி அறிவிப்புப் பலகை), லென்சில் அழுக்கு, அல்லது பாதுகாப்பு ஒயர் அறுந்தது என்று பெரும்பாலும் மூன்று காரணம். பாதுகாப்பு இணைப்புகள் பெரும்பாலும் எப்போதும் மூடிய சுற்றாக இருக்கும். ஒயர் அறுந்தால் ஆபத்து என்று கருதிக் கதவைத் திறந்து வைக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். டெர்மினல் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு "ரெடி" என்று சொல்பவரை இரண்டாம் முறை கூப்பிடாதீர்கள். அந்தக் கதவு இனி குழந்தை நிற்பதையும் பார்க்காது.

எந்த ஒழுங்கும் இல்லாமல்

வெளிப்பக்க ரேடாரை அலுமினியம் ஃபாயிலால் மூடி, ஆடாதபடி டேப்பால் இறுக ஒட்டுங்கள். ஒளித்திரை லென்சை மூடாதீர்கள். மூடிய பிறகும் ரேடார் விளக்கு எரிந்தால் காரணம் வெளியே இல்லை. மின்சாரம், அதிர்வு, அல்லது சென்சாரே பழுது. சென்சார் ஒயர் மோட்டார் ஒயரோடும் 230 வோல்ட் ஒயரோடும் ஒரே குழாயில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் தனிக் குழாய் போடுங்கள். உறையிட்ட கேபிளின் உறையைக் கன்ட்ரோலர் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். விளக்கே எரியாமல் கதவு திறந்தால், மழையில் நனைந்த புஷ் பட்டனையும் ஒட்டிக்கொண்ட ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பாருங்கள்.

எதிரெதிரே இரண்டு தானியங்கிக் கதவு உள்ள இடங்களில் ஒரு சென்சாரின் ஒளி மற்றொன்றில் விழலாம். ஒன்றின் அலைவரிசை அமைப்பை மாற்றினால் போதும்.

முடித்த பிறகு

வேகமாக ஒருமுறை, மிக மெதுவாக ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, கம்பு ஊன்றிக் குனிந்தபடி ஒருமுறை நடந்து பாருங்கள். வாசலடியில் 30 நொடி அசையாமல் நில்லுங்கள். கதவு மூடக் கூடாது. மினுக்கில்லாத கருப்புத் துணி உடுத்தியும் இதையே செய்யுங்கள், அகச்சிவப்பு அதில் குறைவாகத் திரும்பும். கோணம், சென்சிட்டிவிட்டி, வடிகட்டி, திறந்து நிற்கும் நேரம் நான்கையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி மேல்மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஏணியில் ஏறுபவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.